ஒன்பதாம் விதிக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள மகளுக்கு,

பிள்ளையாரை மனதில் நிறுத்தி எழுதத் தொடங்குகிறேன். நீ கொழும்புக்குப் பயிற்சிக்குப் போன அன்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிற ஓட்டத்தில், ஒரு கட்டுத் தாளையும் ஒரு சிவப்புப் பேனையையும் என் முன்னால் வைத்தாய். "அம்மா, உதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. உங்களுக்கு விளங்கினால் எங்கடை இல்லத்திலை எல்லாருக்கும் விளங்கும். பிழை கண்டால் சிவப்பாலை குறியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் துண்டிலும், சாமான் சுற்றி வந்த பத்திரிகையிலும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தவள். என்னிடம் ஓர் அலுவலகத்தின் விதிகளைத் திருத்தத் தந்தாயே, அதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சந்தோசத்தில் அன்றைக்கு விளக்கு வைப்பதற்கு முன்பே ஒரு முறை வாசித்து முடித்தேன். அடுத்த நாள் சமையல் முடித்து ஆறுதலாக இருந்து இரண்டாம் முறை வாசித்தேன். மூன்றாம் முறை வாசிக்கும்போது பேனையை மூடி வைத்துவிட்டு இந்தக் கடிதத்துக்குத் தாள் எடுத்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், "விடுங்கோ அம்மா" என்று பாதியில் மறித்துவிடுவாய்.

உனக்கென்று எழுதினாலும், உன்னோடு வேலை செய்கிறவர்களின் வீட்டாரும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் விளக்கிச் சொல்லுவேன், பொறுத்துக்கொள். நீ வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் அலுவலகத்தில். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். அங்கே வேலை செய்பவர்கள் பத்திரிகைக்காரரோடும் யூரியூப்காரரோடும் எப்படி நடந்துகொள்வது, முகநூலில் எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது, கணினியையும் போனையும் எப்படிப் பூட்டி வைப்பது என்று பதினான்கு விதி எழுதியிருக்கிறாய். இல்லம் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்று நான் இங்கே எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். அது உன் இரண்டாம் விதி.

நான் சிவப்பில் குறித்தவை அதிகம் இல்லை. "தரவு" என்று நீ எழுதிய இடமெல்லாம் பக்கத்தில் "விபரம்" என்று எழுதியிருக்கிறேன். சமையற்கட்டில் நிற்கும் பிள்ளைகளுக்கு அதுதான் சட்டென்று விளங்கும். நான்காம் விதியில், கடவுச்சொல்லுக்குச் சொந்தப் பெயரையும் பிறந்த திகதியையும் வைக்க வேண்டாம் என்கிறாய். அதோடு நட்சத்திரத்தையும் சேர்த்துவிடு. நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் நான் வைத்திருந்தது உன் பெயரும் உன் நட்சத்திரமும்தானே. அதைக் கண்டுபிடித்த அன்று நீ தலையில் கை வைத்தாய். "அம்மா, கோயில் ஐயர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உதைத்தானே அர்ச்சனையிலை சத்தமாய்ச் சொல்லுறார். ஊருக்கே எங்கடை பாஸ்வேர்ட் பாடம்!" சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை ஐயர் உன் பெயரைச் சொன்னபோது, பக்கத்தில் நின்றவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் விதி, ஊடகங்களோடு நிர்வாகியும் அவர் நியமித்தவரும் மட்டுமே பேசலாம் என்கிறது. நல்லது. ஆனால் பேசாதே என்று சொன்னால் மட்டும் காணாது மகளே, பேசாமல் இருப்பதற்கு என்ன பேச வேண்டும் என்றும் எழுதிக் கொடு. நம் சனத்துக்கு, ஒருவர் போன் எடுத்து "அம்மா" என்று கூப்பிட்டால் வெட்டிவிடத் தெரியாது. சாப்பிட்டீர்களா என்று கேட்டுத்தான் தொடங்குவோம், பிறகு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கதைத்துக்கொண்டே போவோம். ஆகவே ஒரு வசனத்தை எழுதி எல்லாரையும் பாடமாக்கச் சொல். "தம்பி, எனக்கு அதைப்பற்றிக் கதைக்க அனுமதி இல்லை, நிர்வாகியின்ரை கந்தோருக்குப் போன் எடுங்கோ." நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டு தரமும் மன்னிப்புக் கேட்பதுபோலக் குரல் வந்தது. ஐந்தாம் தரம்தான் சரியாக வந்தது.

இவ்வளவும் குறித்துவிட்டு ஒன்பதாம் விதிக்கு வந்தேன். "இல்லத்தில் தங்கியிருப்பவர்களின் பெயர், படம், குடும்ப விபரம் ஆகியவற்றை அவர்களுடைய சம்மதம் இன்றி வெளியாருக்கோ ஊடகத்துக்கோ சமூக வலைத்தளத்துக்கோ வழங்கக் கூடாது. முன்னர் ஊழியர் ஒருவரின் கவனயீனத்தால் இங்கு தங்கியிருக்கும் தாயார் ஒருவர் மிகுந்த மனவேதனைக்கு உள்ளானார்." அந்த ஊழியர் நீ. நீ எழுதிய விதியில், உன் கையாலேயே உன்னைக் குற்றவாளியாக எழுதி வைத்திருக்கிறாய். இனி வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் அதை வாசிப்பார்கள். யார் அந்த ஊழியர் என்று கேட்பார்கள். பழைய ஆட்கள் உன்னைக் காட்டுவார்கள். செய்தவள் நான் என்று அங்கே வேலை செய்பவர்கள் எவருக்கும் தெரியாது. மூன்று வருடமாக என் பெயரை நீ எங்கேயும் வரவிடவில்லை. இந்த விதியிலும் வரவிடவில்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன். நீ வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அலுவலகக் கணினி பழுது என்று, அங்கே இருப்பவர்களின் பதிவேட்டை ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து, உன் மடிக்கணினியில் பதியத் தொடங்கினாய். "அம்மா, நீங்கள் வாசியுங்கோ, நான் அடிக்கிறன்" என்றாய். நான் பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, வந்த திகதி, அறை, பிள்ளைகள் எந்த நாட்டில் என்று கட்டம் கட்டமாக வாசித்தேன். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கண் எனக்கு. ஒரு தரம் வாசித்த வரி எளிதில் போகாது. அதை ஒரு கெட்டித்தனம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமை கழித்து உன் அப்பாவின் திவசம் வந்தது. அன்றைய மதியச் சாப்பாட்டை உன் இல்லத்தில் கொடுப்போம் என்று நான்தான் சொன்னேன். மருதனார்மடம் சந்தையில் விடியவே மரக்கறி வாங்கினோம். பூசணிக்காயும் வாழைக்காயும் பருப்பும் வடையும் பாயசமும் வைத்து, உன் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, அங்கே இருந்த எல்லாரும் ஒரு நிமிடம் கண்ணை மூடி அவருக்காகக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அதுபோல நிறைவான ஒரு திவசம் எனக்கு அதுவரை வாய்க்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் உன் மாமி, அப்பாவின் தங்கை, முதல் நாளே போன் எடுத்துச் சொல்லியிருந்தாள். "மச்சாள், அண்ணையின்ரை திவசத்துக்கு என்னாலை வர ஏலாது. கண்ணாலையெண்டாலும் பாக்க வேணும், படம் எடுத்து அனுப்புங்கோ." அதனால் போனைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் படம் எடுத்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. சோறு கொடுக்கிறவள் படம் எடுப்பதற்கும் கேட்க வேண்டுமா என்று யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா, நான் போனைத் தூக்கியதும் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் போய், "அம்மா, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கோ, வடிவாய் வரும்" என்றேன். அவர் நிமிர்ந்தார். சாப்பாடு தந்தவளுக்கு முகத்தைக் காட்ட மாட்டேன் என்று எப்படிச் சொல்லுவார்? இத்தனை விரதம் பிடித்தும் அந்த ஒரு கணத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

அவரைத்தான் இந்தக் கடிதத்தில் தபாலம்மா என்று எழுதுகிறேன். ஒரு சிறிய தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். படம் போன சில நிமிடத்தில் உன் மாமியிடமிருந்து பதில் வந்தது. "மச்சாள், உந்தத் தலைப்பு இழுத்துக்கொண்டு இருக்கிறவ எங்கடை தபாலம்மா எல்லே? உவ கொழும்பிலை எண்டெல்லோ சொன்னவை?" நான் தெரிந்ததைச் சொல்லும் சந்தோசத்தில் வட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பினேன். பதிவேட்டில் வாசித்ததெல்லாம் அதில் வந்தது. எப்போது வந்தார், எந்த அறை, ஒரே மகன் சுவிஸில், மனைவி பிள்ளைகளோடு. மாமி கவலைப்பட்டாள். நல்ல மனசுதான் அவளுக்கும். அந்தக் கவலையை இரண்டு வரியாக எழுதி, படத்தோடு தன் முகநூலில் போட்டுவிட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம், தெரியாத இலக்கத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. மாமியின் பதிவுக்குக் கீழே நான் கைகூப்பிய படம் போட்டிருந்தேன். என் முகநூல் பக்கத்தில் என் போன் இலக்கம் எல்லாருக்கும் தெரியும்படி இருந்தது. "வணக்கம் அம்மா. நல்ல காரியம் செய்திருக்கிறியள். ரண்டு சொல் கதைக்கலாமோ?" என்று ஒரு யூரியூப்காரன் தேன் வடியக் கேட்டான். "ஐயோ தம்பி, எனக்கு என்ன தெரியும்" என்றேன். "தெரிஞ்சதைச் சொல்லுங்கோவன் அம்மா, உங்களைப் பார்த்து நாலு பேர் சாப்பாடு குடுப்பினம்" என்றான். அவன் பதிகிறான் என்று சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஐந்து நிமிடம் கதைத்தேன். கடைசியில், கேட்காமலே ஒரு வசனம் என் வாயில் வந்தது. "பாவம் தம்பி, ஊருக்கெல்லாம் கடிதம் குடுத்த மனிசி, இண்டைக்கு ஒரு கடிதம் போட ஆளில்லாமல் இருக்கிறா." அது உண்மை இல்லை. பதிவேட்டில் எங்கேயும் அப்படி எழுதியிருக்கவில்லை. சொல்லும்போது உருக்கமாக இருந்தது, சொல்லிவிட்டேன். அதையே தலைப்பாக வைத்து, தபாலம்மாவின் நிமிர்ந்த முகத்தைப் பெரிதாக்கி, என் குரலை ஓடவிட்டு ஒரு காணொளி செய்து போட்டுவிட்டான்.

அதை முதலில் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது என்பதையும் எழுதுகிறேன். என் குரல் ரேடியோவில் வருவதுபோல இருந்தது. கோயில் பஜனைக் குழுவுக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, பின்னேரம் நீ வந்து ஸ்கூட்டரை நிறுத்தினாய். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டாய்.

"அம்மா, அந்த வீடியோவிலை கதைக்கிறது நீங்களோ?"

"ஓம் பிள்ளை, வடிவாய் வந்திருக்கெல்லே?"

நீ கத்தவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்துகொண்டு ஒரு செம்பு தண்ணீர் கேட்டுக் குடித்தாய். பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாய். தபாலம்மாவை யாரும் அங்கே கொண்டுவந்து விடவில்லை. மகன் வருடா வருடம் கூப்பிட்டும் குளிருக்குப் போக மாட்டேன் என்று மறுத்து, தானே விசாரித்து, தானே பெட்டியோடு வந்து சேர்ந்தவர். முதியோர் இல்லம் என்றால் ஊர் மகனைத்தான் ஏசும் என்று, கொழும்பில் தங்கையின் மகளோடு இருப்பதாக ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். இப்போது முகம் தெரியாத ஆயிரம் பேர் அந்த மகனைத் திட்டுகிறார்கள். அவன் நிர்வாகியிடம் போன் எடுத்து அழுதிருக்கிறான். ஊரிலிருந்து சனம் பிஸ்கற் பெட்டியோடு வந்து தபாலம்மாவைக் கட்டிப்பிடித்து அழுகிறது. அவர் உன்னிடம் சொன்னதை நீ சொன்னாய். "வாறவை எல்லாம் அழுதிட்டுப் போகினம். நான் இன்னும் சாகேல்லைப் பிள்ளை." அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் சாப்பாட்டு மண்டபத்துக்கு வரவில்லை.

நான் எழும்பி, "இப்பவே வந்து நிர்வாகி ஐயாவிட்டைச் சொல்லுறன், பிழை என்ரை" என்றேன். நீ கையைப் பிடித்து இருத்தினாய். "பதிவேட்டை வீட்டை கொண்டு வந்தது நான்தானே அம்மா. நீங்கள் வந்தால் அதுவும் பெரிசாகும். நான் பாத்துக்கொள்ளுறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." நான் மறுத்தேனா? ஒரு தரம் மறுத்தேன். இரண்டாம் தரம் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது மகளே. கோயிலில் என் முகத்தைப் பார்த்து, இவ்வளவு கேடும் உம்மால்தானே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதி. படம் எடுத்தது அறியாமல் செய்த பிழை, போனில் கதைத்தது புத்தியில்லாமல் செய்த பிழை. அன்றைக்கு அந்தக் கதிரையில் பேசாமல் இருந்தது மட்டும் தெரிந்தே செய்தது.

அதற்கு நீ கொடுத்த விலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரணையில், அந்தக் குரல் யாரோ தெரியாது, விபரம் கொடுத்தது நான்தான் என்று சொல்லி, இரண்டு குற்றத்தையும் உன் தலையில் ஏற்றிக்கொண்டாய். இன்னும் இரண்டு மாதத்தில் நிரந்தரமாக வேண்டிய வேலை ஒரு வருடம் தள்ளிப் போனது. அந்த வருடம் முழுக்க அலுவலகத்திலிருந்து களஞ்சிய அறைக்கு மாற்றி வைத்தார்கள். அரிசி மூட்டையும் சவர்க்காரமும் எண்ணிவிட்டுத் தூசியோடு வருவாய். "அங்கை ஆள் குறைவு அம்மா" என்பாய். அந்தக் காணொளியை எடுப்பிக்க எத்தனை பேருக்கு எழுதினாய், எத்தனை தரம் போன் எடுத்தாய். கடைசியில் அவன் எடுத்துவிட்டான், ஆனால் அதற்குள் பிறர் பதிந்து வைத்தது எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இடித்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது என்று அப்போது எனக்கு நன்றாகப் பாடமானது. இத்தனையிலும் ஒரு சொல், ஒரு சொல்கூட, நீ என்னைக் குத்திச் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி கூடிவிட்டால் சண்டை பிடிக்கிற பிள்ளை, இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. உன்னைப்போல ஒரு பிள்ளையைத் தந்ததற்கு ஆஞ்சநேயருக்கு எத்தனை சனிக்கிழமை வடைமாலை சாத்தினாலும் என் நன்றி தீராது.

அதற்குப் பிறகு என் போனையும் நீதான் ஒழுங்குபண்ணித் தந்தாய். முகநூலில் இலக்கத்தை மறைத்தாய், பூட்டுப் போட்டாய், குறுஞ்செய்தியில் வருகிற ஆறு இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று மூன்று தரம் என்னையே திருப்பிச் சொல்ல வைத்தாய். அது வீண்போகவில்லை என்று இப்போது சொல்லலாம். போன ஆடியில் ஒருவன் எடுத்து, லண்டனிலிருந்து பார்சல் வந்திருக்கிறது, இப்போது ஒரு இலக்கம் வரும், சொல்லுங்கள் என்றான். நாலு இலக்கம் சொன்ன பிறகு உன் முகம் ஞாபகம் வந்தது. "மிச்சம் ரண்டையும் சொல்லுங்கோ அம்மா" என்று அவசரப்படுத்தினான். "மிச்சம் ரண்டும் என்ரை மகளிட்டைக் கேட்டுத்தான்" என்றேன். வைத்துவிட்டான். இதை உனக்கு இதுவரை சொல்லாததற்குக் காரணம் அந்த முதல் நாலு இலக்கம்.

விதிகள் என்றால் வெள்ளைக்காரன் விட்டுப்போன கந்தோர்ப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். உன் தாளை வாசித்தபோது வேறு ஒன்று தோன்றியது. சிவன் கோயிலில் வீதி சுற்றி வந்து சண்டேசுவரர் முன்னால் நின்று கையைத் தட்டுகிறோமே, எதற்கு? உள்ளேயிருந்து ஒன்றையும் கொண்டு போகவில்லை, கை வெறுமை என்று காட்டத்தானே. சின்ன வயதிலிருந்து நான் அதைத் தவறாமல் செய்கிறேன். கோயிலில் ஒரு பூவிதழ் ஒட்டியிருந்தாலும் உதறிவிட்டு வருகிறவள், ஒரு மனிதரின் வாழ்க்கையை அவர் இருக்கும் இடத்திலிருந்து எடுத்து வந்து ஊர் முழுக்கக் கொடுத்தேன். உன்னிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல். பின்னேரம் வாசல் படலையைத் தாண்டும்போது மனதுக்குள் ஒரு தரம் கையைத் தட்டிவிட்டு வரட்டும்.

போன செவ்வாய்க்கிழமை தபாலம்மாவைப் பார்க்கப் போனேன். உனக்குச் சொல்லாமல்தான் போனேன். யன்னலோரம் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்ல வாயெடுக்கவே கையைக் காட்டி மறித்தார்.

"இரும். உம்மடை குரல் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நிமிர்ந்து பாருங்கோ எண்டு சொன்ன குரலை மறப்பனோ?"

"தெரிஞ்சும் ஏனம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"எத்தினை பேரின்ரை தந்தியை வாசிச்சிருப்பன். ஒண்டையும் வெளியிலை சொன்னதில்லை. இதை மட்டும் சொல்லுவனோ? அதோடை உம்மடை பிள்ளை என்ரை காலடியிலை வந்து இருந்து, என்ரை பிழை எண்டு அழுதவள். ஒரு பிள்ளை தாயை மூடிப் பிடிக்குது. நானும் என்ரை பிள்ளையை மூடத்தானே கொழும்பிலை இருக்கிறன் எண்டு ஊருக்குச் சொன்னனான். எனக்கு அவளைக் காட்டிக் குடுக்க மனம் வரேல்லை."

நான் அழுதேன். அவர் அழ விட்டுவிட்டு, பிறகு சொன்னார். "ஆனால் கேளும். மூடினதாலை எனக்கும் நல்லது வரேல்லை, அவளுக்கும் நல்லது வரேல்லை. இப்ப என்ரை மகன் ஊராருக்குத் தெரிய வாறான், போறான். எனக்கும் ஒளிக்க ஒண்டுமில்லை. உம்மடை பிள்ளை மட்டும்தான் இன்னும் சுமக்கிறாள். மூண்டு வருசமாய் நீர் ஏன் வரேல்லை? போய்ச் சொல்லும்."

அவரைப் பற்றி இப்படி ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். எழுதியதைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினால் யோசிக்கிறேன் என்றார். வியாழக்கிழமை கொண்டுபோய் வாசித்தேன். தபால் கந்தோர் இருந்த ஊரின் பெயரை வெட்டச் சொன்னார். மகனின் வேலையை வெட்டச் சொன்னார். "பாவம் எண்டு ரண்டு இடத்திலை என்னை எழுதியிருக்கிறீர். அதையும் வெட்டும். அந்தச் சொல்லாலைதான் நீர் என்னைச் சந்திக்கு இழுத்தனீர்" என்றார். வெட்டினேன், அந்தப் போனில் நான் சொன்னதை மட்டும் சொன்னபடியே விடச் சொன்னார். அதுவரை எழுதியிருந்த கடைசித் தாளின் ஓரத்தில் "வாசித்தேன், சம்மதம்" என்று எழுதி, தபால் கந்தோர்க் கையெழுத்தில் ஒப்பமிட்டுத் தந்தார்.

அங்கிருந்து நேரே நிர்வாகி ஐயாவின் அறைக்குப் போனேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போயிருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அம்மா, இதை அப்பவே சொல்லியிருந்தால் உங்கடை பிள்ளைக்கு ஒரு வருசம் மிஞ்சியிருக்கும்."

"ஓம் ஐயா. அந்த வருசத்தை என்னாலை திருப்பிக் குடுக்க ஏலாது. அவளின்ரை கோப்பிலை இருக்கிற பொய்யையெண்டாலும் எடுக்கலாமெல்லே?"

அவர் உன் கோப்பை எடுப்பித்தார். அதில் இரண்டு குற்றம் எழுதியிருந்தது. பதிவேட்டை அனுமதியின்றி வெளியே கொண்டு சென்றது ஒன்று. தங்கியிருப்பவரின் விபரத்தை ஊடகத்துக்கு வழங்கியது மற்றது. முதலாவது உன்னுடையது மகளே. அதை எடுக்கும்படி நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீயே விரும்பியிருக்கமாட்டாய். இரண்டாவதின் ஓரத்தில், "இது இவர் செய்ததல்ல, தாயாரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, ஒப்பமிட்டு, என் தாளை அதோடு சேர்த்துக் குத்திவிட்டார். ஆகவே ஒன்பதாம் விதியில் சிவப்புப் பேனையால் ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். "ஊழியர் ஒருவரின் கவனயீனத்தால்" என்பதை வெட்டி, "ஊழியர் ஒருவரின் தாயார் சம்மதம் கேளாமல் படம் எடுத்து, ஊடகத்தோடு கதைத்ததால்" என்று எழுதியிருக்கிறேன். அதை மாற்றி எழுதாதே. பிறர் பிழையைத் தூக்கிச் சுமப்பது அன்பு என்று நினைக்கிறாய். அன்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சுமக்கப்பட்டவர் திருந்துவதற்கு அது இடம் வைப்பதில்லை. நாளைக்கு உனக்குக் கீழே வேலை செய்யும் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, என்ரை பிழை என்று வந்து நின்றால், உடனே எழுதிக்கொள்ளாதே. ஒரு கதிரையைக் கொடுத்து, வேறு யாருடைய பிழையும் இதில் இருக்கிறதா என்று ஒரு தரம் கேள்.

திங்கட்கிழமை நீ வந்து இறங்கும்போது இதெல்லாம் முடிந்திருக்கும். நீ என்னோடு சண்டை பிடிப்பாய் என்று தெரியும். ஏன் போனீர்கள், யாரைக் கேட்டுப் போனீர்கள் என்று கத்துவாய். கத்து. படம் எடுத்ததற்கும் சேர்த்துக் கத்து, அந்தப் போனுக்கும் சேர்த்துக் கத்து. கதிரையில் இருந்துகொண்டு ஒரு செம்பு தண்ணீரோடு விழுங்கினாயே, அந்தச் சண்டை மூன்று வருடமாக உனக்குள்ளேயே கிடக்கிறது. எனக்காக அதை அடக்கி வைத்திருந்ததற்கு நன்றி. இனி அடக்க வேண்டாம். அன்றைக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா